இன்னொரு துண்டுச் சீட்டா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த வாரத்தில் தோட்டப்புறத்து ஆசிரியரைத் தேடி வருகின்ற தாய்மார் பலர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "சேர், புள்ள கம்பியூட்டர் படிச்சா இனி மலைக்குப் போக வேண்டியதில்லதானே?" கூடைக் கயிறு அழுந்திய உச்சந்தலையோடு நின்று ஒரு தாய் இப்படிக் கேட்கும்போது, "போக வேண்டியதில்லை அம்மா" என்பதைத் தவிர வேறு விடை சொல்ல எவருக்கும் நா எழாது. ஆனால், அதே ஆசிரியர் அடுத்த வாரம் பாராட்டு விழா மேடையில் ஏறி, அதே பிள்ளையை நோக்கி, "எங்கே சென்றாலும் உன் சமூகத்தை மறவாதே, உன்னை ஆளாக்கிய மக்களுக்கு நீ பட்ட கடனைத் திருப்பிக் கொடு" என்று முழங்குகிறார். இரண்டையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே வாயால் சொல்ல நமக்கு என்ன உரிமை என்பதே இங்கு என் விசாரம்.

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியில், இரண்டாம் மைல்கல்லருகே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தாபிக்கப்பட்டது. கணினி விஞ்ஞானமும் தொழினுட்பமும், கைத்தொழில்சார் தகவல் தொழினுட்பம் என்று கணினியைத் தொழிலுக்குப் பிரயோகிக்கும் கல்வி அங்கே பட்டநெறிகளாக அமைந்துள்ளது. தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டநெறியை வகுத்த பல்கலைக்கழகமும் அதுவே. தேசத்தின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே தனது குறிக்கோள் என்று அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பெறுமதி எங்கே பிறக்கிறது, யார் கையில் போய்ச் சேர்கிறது என்ற பழைய கேள்வியை இவ்விதழின் வாசகருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழக வாயிலிலிருந்து அடுத்த தோட்டத்து லயத்துக்கு ஒருவர் நடந்தே போய்விடலாம். லயத்திலிருந்து அந்த வாயிலுக்குச் செல்லும் வழிதான் நீண்டது.

அந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். கணித, விஞ்ஞானப் பிரிவுகளில் உயர்தரம் கற்பிக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகள் ஊவாவில் மிகச் சில. அவையும் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களை ஒட்டியவை. நமுனுகுலைச் சரிவிலோ மடுல்சீமையிலோ பிறந்த பிள்ளை பஸ்ஸேறியோ, உறவினர் வீட்டில் ஒண்டியோதான் அங்கு படிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தகைமைக்கும், 55 மாவட்டத்துக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது நெடுங்கால ஏற்பாடு. பதுளை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆயினும் மாவட்டம் என்ற ஒரே கூடைக்குள் நகரத்துப் பெரிய கல்லூரியும் மலையுச்சித் தோட்டத்துப் பாடசாலையும் சேர்ந்தே விழுகின்றன. சலுகை மாவட்டத்துக்குக் கிடைக்கிறது. லயம் வரையில் அது ஏறி வருவதில்லை. 2021இல், கொள்ளைநோய்க் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, லுணுகலையில் பிள்ளைகள் அலைபேசித் தொடர்பைத் தேடிக் காட்டு மலையில் ஒரு மரக்குடிலில் ஏறியிருந்து பாடங் கற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. படம் மிக அழகாக இருக்கிறது என்று என்னிடம் வியந்தோரும் உண்டு!

இவ்வளவையும் தாண்டி உள்ளே சென்றால், அதுவரை தமிழில் சிந்தித்த மூளை ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். விடுதியிலும் அலுவலகத்திலும் சிங்களம் பேச வேண்டும். கணினிக்கோ இவை மூன்றுமல்லாத தனி மொழி. மடிக்கணினி ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபா என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்கூலியில் அது 74 நாட் கூலி. அந்த 74 நாட்களும் வீட்டில் எவரும் உண்ணாதிருக்க வேண்டும் என்பது கணக்கில் சேராத நிபந்தனை. இடம் கிடைக்காதவருக்கு வேறு வாயில்களும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. நகரத்துச் சுவர்களில் "ஆறு மாதத்தில் வேலை" என்று ஒட்டப்படும் விளம்பரங்களை நம்பித் தாயின் காதுத்தோட்டை அடகு வைத்தவர்களின் கதை வேறு. அதை இன்னொரு நாள் எழுதவேண்டும்.

இப்படி வந்து சேர்ந்தவனைப் பார்த்தே, "நீ கடன்காரன்" என்று நாம் சொல்கிறோம்.

கடன் என்ற சொல்லை மலையகத்தில் உச்சரிப்போர் சற்று யோசித்து உச்சரிக்க வேண்டும். நம் பாட்டன்மார் கரையிறங்கியபோதே கடனோடுதான் இறங்கினர். வழிச்செலவும் முற்பணமும் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் பேரில் உள்ள கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டுக் கொடுக்கப்படும். அந்தக் கடனைச் செலுத்தும் தோட்டமே அவனை எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் துண்டு என்று பெயர். அந்தக் கடன் எப்படி வந்தது, வட்டி எவ்வளவு, தான் எப்போது அதற்கு இணங்கினான் என்பதொன்றும் அச்சீட்டுக்கு உரியவனுக்குத் தெரியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறந்ததனாலேயே ஒருவன் கடன்காரன் என்ற எண்ணம் மட்டும் ஒழியவில்லை. பட்டதாரியின் கையில் நாம் மேடையிலிருந்து நீட்டுகின்ற உபதேசம் அதே சீட்டின் மறுபதிப்பு அல்லவா? அதில் தொகை எழுதப்படவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. தொகை எழுதாத கடனை எந்நாளும் தீர்க்க முடியாது.

கடன் கணக்கைத்தான் எடுப்பதென்றால் முழுமையாகவே எடுப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் அமர்ந்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கு பிரித்தனர். எண்ணப்பட்டவரில் எவரிடமும் எவரும் எதுவும் கேட்கவில்லை. நாடற்றோர் நிலை சட்டத்தில் இறுதியாகத் தீர்ந்தது 2003இல். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1977ஆம் ஆண்டிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஒரு தலைமுறை முழுவதும் பள்ளிப்படியைக் காணாமற் போன இந்த இடைவெளிக்கு யார் கடன்காரர்? இங்கே தோட்டத்துப் பிள்ளையின் பேரில் இருப்பது வரவேண்டிய தொகை. அவனிடம் வசூலிக்க முனைவோர் பேரேட்டைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. அப்பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள ஊவாவும் வெல்லஸ்ஸவும் 1817, 1818ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து, வயலும் குளமும் வீடும் அழிக்கப்பட்ட நிலங்கள். பின்னர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத கிராமத்தானின் சேனை நிலத்தையும் காட்டையும் அரசுடைமை என்று எழுதித் தோட்டக்காரனுக்கு விற்க வழிசெய்தது. சிங்கள விவசாயிக்கு வரவேண்டியதும் அதே பேரேட்டில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. விரிவுரை மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் அமர்பவர்கள் இவ்விருவரின் பேரப்பிள்ளைகள். ஒருவன் பெற்ற இடத்தை மற்றவன் இழந்த இடமாகக் காட்டுவோர் நாட்டில் குறைவில்லை. ஆதலால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

"அப்படியானால் படித்தவன் கொழும்புக்கும் துபாய்க்கும் ஓடிப் போகட்டும், லயம் லயமாகவே கிடக்கட்டும் என்கிறீரா?" என்று நண்பர்கள் கேட்பர். கேட்பது நியாயம். தனி ஒருவனின் ஏற்றத்தை வர்க்கத்தின் விடுதலை என்று நாம் ஒருபோதும் கொண்டாடியதில்லை. ஆனால், தியாகத்தைக் கோருவோர் அதை எல்லோரிடமும் கோரவேண்டும். கறுவாத்தோட்டத்து வைத்தியரின் மகன் கணினி படித்து மெல்பேர்ணுக்குப் போனால் அது முன்னேற்றம். பசறைத் தோட்டத்து மகள் போனால் நன்றி மறந்த செயல் என்பது எந்த நீதி? ஏழையின் பிள்ளைக்கு மட்டும் இரட்டைச் சுமை ஏற்றும் ஒழுக்கம், ஒழுக்கத்தின் உடையணிந்த வர்க்கபேதமே. மலையிலிருந்து தன் மகளை மீட்க விரும்பும் தாயின் ஆசையில் பிழை காண எனக்கு மனமில்லை. மழையில் அட்டை கடிக்க நின்று கொழுந்து பறித்தவள் அவள், நான் அல்லேன்.

ஆயினும் பிரச்சினை இங்கே முடிந்துவிடவில்லை. பிறப்பினால் வரும் கடனை மறுத்துவிட்டோம். செயலினால் வரும் கடமை ஒன்று உண்டு. அதைக் காணக் கணினி வேலை உண்மையில் எத்தகையது என்று பார்க்கவேண்டும்.

தோட்டம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு கணக்கு யந்திரம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படுகிறது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. செக்ரோலில் பேர் விழுகிறது. குறித்த கிலோவை எட்டியவளுக்கு முழுப் பேர். எட்டாதவளுக்கு அரைப் பேர். குறித்த அளவு 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறும். சாக்கின் நிறைக்கென்றும் ஈரக் கொழுந்தின் நீருக்கென்றும் கழிக்கப்படும் கிலோவைப் பற்றிய வாக்குவாதம் தோட்டத்தின் வயதளவு பழையது. முன்பு இந்தக் கழிவைக் கணக்கப்பிள்ளை பென்சிலால் செய்தார். அவரோடு சண்டையாவது போடலாம். இன்று மின் தராசு வந்திருக்கிறது. நிறை நேரே கணினிக்குப் போகும் தோட்டங்களும் உண்டு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் அமைத்த கணக்கே இது. ஒருத்தி 18.6 கிலோ பறித்திருக்கிறாள். சாக்குக்கு 1 கிலோ கழி என்று செய்நிரலில் ஒரு வரி; மிச்சம் 17.6. தசமத்தைத் தள்ளி முழு எண்ணாக்கு என்று மற்றொரு வரி; மிச்சம் 17. குறித்த அளவு 18. ஆகவே அரைப் பேர். 1350 ரூபா 675 ஆகிறது. சாக்கின் உண்மையான நிறை 600 கிராம் என்றால், அவள் சரியாக 18 கிலோ பறித்திருக்கிறாள். முழுப் பேருக்கு உரியவள். யார் அவளிடமிருந்து 675 ரூபாவை எடுத்தது? துரை எடுக்கவில்லை, அவர் அறிக்கையை மட்டுமே பார்க்கிறார். கணக்கப்பிள்ளை எடுக்கவில்லை; அவர் பொத்தானை அழுத்தினார். கொழும்பில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து அவ்விரு வரிகளையும் எழுதிய இளைஞனும் எடுக்கவில்லை. அவனிடம் அப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினான், தேநீர் குடித்தான். குற்றம் நடந்தது, குற்றவாளி இல்லை. பழைய சுரண்டலுக்கு ஒரு முகமாவது இருந்தது.

எளிய செய்நிரலின் வழு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரித்தானியாவே சாட்சி. அங்கே தபாற் கந்தோர்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் என்ற கணினிக் கணக்குமுறை, இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டியது. கணினி பொய் சொல்லாது என்று நீதிமன்றங்கள் நம்பின. 2015 வரையில் 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் களவு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2024இல்தான் பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் அத்தீர்ப்புகளைத் துடைத்தது. எழுத்தும் சட்டமும் அறிந்த மத்தியதர வர்க்கத்தினரின் கதி இது. மடுவத்தில் வரிசையில் நிற்பவளின் சொல் தராசின் சொல்லுக்கு எதிராக எம்மட்டில் நிற்கும்?

ஆக, தான் எழுதும் விதியை வாசிக்கவும் மறுக்கவும் இயலாத மக்கள்மீது அவ்விதியைச் செலுத்துபவன் யாரோ, அவன்மீது ஒரு கடமை விழுகிறது. அது அவன் எந்த லயத்தில் பிறந்தான் என்பதைப் பொறுத்ததன்று. கறுவாத்தோட்டத்து மகனுக்கும் பசறை மகளுக்கும் அது ஒன்றே. சாக்கின் நிறை என்ன என்று கேட்காமல் "1 கழி" என்று எழுதுகின்ற ஒவ்வொரு கையும் அதற்குப் பொறுப்பு. நாம் மேடைகளில் பேச வேண்டிய கடன் இதுதான். பேசாமல் விட்டதும் இதைத்தான். பாடத்திட்டங்கள் எப்படி எழுதுவது என்று கற்பிக்கின்றன. யார்மேல் எழுதுகிறோம் என்ற பாடம் வகுப்பறையில் ஆசிரியனின் குரலில்தான் வரவேண்டியிருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு அரைப் பேரின் வலி தெரியும், ஆதலால் அது நேர்மையாக எழுதும் என்று நம்புவது இனிமையான எண்ணம். நானும் சில காலம் அப்படி நம்பினேன். வரலாறு அவ்வளவு இனிமையாக இல்லை. கங்காணி எங்கிருந்து வந்தார்? அதே திருச்சி, சேலம், திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்து, பல சமயம் தன் உறவுக்காரரையே அழைத்துக்கொண்டு வந்தார். கூடையின் பாரம் அவருக்குத் தெரியாததன்று. தெரிந்ததனாலேயே எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார். அனுபவம் கண்ணைத் திறக்கும். கையைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவள், மேலதிகாரி எழுதச் சொன்ன வரியை எழுதமாட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்ப்பதும் அநியாயம். அவளுடைய மனச்சாட்சியைத் தனியே நிறுத்திவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவதாகவே அது முடியும்.

மேலும் அவளுடைய நிலையும் நாம் எண்ணுமளவுக்கு உயர்ந்ததன்று. 2022 இறுதியிலிருந்து பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், புதிதாக வரும் செய்நிரலாளருக்குக் கொடுக்கப்பட்டு வந்த சிறு வேலைகளில் ஒரு பகுதியைத் தாமே செய்கின்றன. அக்கருவிகளைப் பழக்குவதற்காகப் படங்களுக்கும் வாக்கியங்களுக்கும் அடையாளமிடும் வேலை, உலகின் ஏழை நாடுகளில் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கொடுக்கப்படுகிறது. இத்தனை படம் முடித்தால் இவ்வளவு. பிழையென்று தள்ளப்பட்டதற்குக் கூலி இல்லை. கிலோக் கணக்கில் கொழுந்து எடுத்தவளின் மகளுக்கு இது விளங்குவதற்கு விரிவுரையாளர் தேவையில்லை. அவளும் தொழிலாளியே, நாற்காலியும் திரையும் உள்ள தொழிலாளி. இதை அவளுக்குச் சொல்ல வேண்டிய நாம், "உத்தியோகம்" என்ற சொல்லால் அவளை அவள் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறோம்.

அங்ஙனமாயின் அந்த வரியை யார் தடுப்பது? எழுதுபவளின் நேர்மையோடு, எழுதப்பட்டதை வாசிக்கும் உரிமை கூடைக்காரிக்கும் இருந்தாலே தடுக்க முடியும். சாக்கின் கழிவு எவ்வளவு, தசமம் எங்கே போகிறது என்பதைத் தமிழில் அச்சிட்டுப் பெறும் உரிமை. தராசின் எண் தெரியும் முகம் நிறுப்பவருக்கு மட்டுமல்லாது நிற்பவளுக்கும் திரும்பியிருக்கும் உரிமை. செய்நிரலை ஆராயத் தாம் நம்பும் ஒருவரைத் தொழிற்சங்கம் அனுப்பும் உரிமை. நாட்கூலியின் தொகையைப் பற்றிய பேச்சுவார்த்தைகளில் காட்டும் வேகத்தை, அத்தொகையைக் கணக்கிடும் விதியைப் பற்றியும் நம் சங்கங்கள் காட்டவேண்டும். அந்நாளில், பதுளையில் கணினி கற்ற பெண்ணொருத்தி ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்கத்தின் மேசையில் அமர்ந்து செக்ரோலை வாசித்துக் காட்டினால், அது அவளாக விரும்பிச் செய்த வேலையாக இருக்கும். கொழும்பிலிருந்தும் செய்யலாம், மெல்பேர்ணிலிருந்தும் செய்யலாம். செய்யாது போனாலும் அவளைத் துரோகி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இது நடவாத கனவு என்போருக்கு ஒன்று சொல்வேன். பதுளைப் பகுதியிலே வேவெஸ்ஸ என்றொரு தோட்டம் உண்டு. 1940இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் கைகளிலிருந்து துப்பாக்கிகளைத் தொழிலாளரே வாங்கி வைத்துக்கொண்டனர். அதே ஆண்டு மே மாதம், தடையை மீறிப் பதுளையில் கூட்டம் நடத்தி என். எம். பெரேரா பேசினார். அரசு பின்னர் அந்த எழுச்சியை அடக்கியது; சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆயினும் தங்கள் உழைப்பின் கணக்கில் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று கேட்டவர்கள், பாடசாலையைச் சரியாகக் கண்டிராத ஒரு தலைமுறையினர்.

அடுத்த ஆண்டும் பெறுபேறு வெளிவரும். தாய் வந்து கேட்பாள். போக வேண்டியதில்லை என்றே அப்போதும் சொல்வேன். விழா மேடையில் எனக்கு ஒதுக்கும் ஐந்து நிமிடத்தில், பிள்ளைகளிடம் ஒரு வெறும் சாக்கைக் கொடுத்து அதன் நிறையைச் சொல்லச் சொல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன்.